விலையே பெயரான படம்

ஓர் ஓவியத்துக்கு அதன் பொருளாற் பெயர் அமைவதுண்டு. வரைந்தவனின் பெயரால் அது வழங்குவதுமுண்டு. விலையே பெயராகிவிட்ட படம் அரிது. ஒல்லாந்து நாட்டு ஓவியன் றெம்பிராண்ட் 1648ஆம் ஆண்டளவிற் செப்புத் தகட்டிலே கீறி முடித்த படமொன்றுக்கு இவ்விதி நேர்ந்தது. மத்தேயு சுவிசேஷத்தின் பத்தொன்பதாம் அதிகாரம் கூறும் நிகழ்ச்சிகளை ஒரே தாளில், ஒரே வேளையில் நிகழ்வனபோல அவன் அமைத்தான். நோயாளிகள் குணம் வேண்டி வருகிறார்கள். தாய்மார் குழந்தைகளை ஏந்தி வருகிறார்கள். பரிசேயர் ஒருபுறம் நின்று தர்க்கிக்கிறார்கள். உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிடுமாறு கேட்கப்பெற்ற செல்வ இளைஞன் மோவாயைக் கையிலே தாங்கி விடையின்றி அமர்ந்திருக்கிறான். வலப்புற வாயிலில் ஓர் ஒட்டகம் நிற்கிறது. ஊசிக்காதும் ஒட்டகமும் பற்றிய உவமையை அறிந்தவர்க்கு அது ஏன் நிற்கிறதென்று சொல்ல வேண்டியதில்லை.

இப் படத்தின் பிரதியொன்று நூறு கில்டருக்கு விலைபோயிற்று என்னும் செய்தி ஓவியன் உயிரோடிருந்தபோதே, 1654ஆம் ஆண்டின் கடிதமொன்றில் இடம்பெற்றுவிட்டது. தேர்ந்த கைவினைஞன் ஒருவன் அந்நாளிற் சில மாதங்கள் உழைத்துப் பெறும் கூலி அது. அன்றிருந்த பேச்சு பின்னர் பெயராக நிலைத்து, இன்றும் அது 'நூறு கில்டர்ப் படம்' என்றே வழங்குகிறது. செல்வத்தைத் துறக்கச் சொல்லும் படத்துக்குச் செல்வர் சூட்டிய பெயர் இது!

இம்முரண்பாட்டைக் கண்டு நகைத்துவிட்டு அப்பாற் சென்றுவிடலாம். நாமோ இதனைச் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். ஏனெனில், மதச் சார்பான கலையை முற்போக்காளர் எவ்வாறு நோக்கவேண்டும் என்னும் வினா எமது மாணவரிடையும் ஆசிரியரிடையும் அடிக்கடி எழுகிறது. விவிலியக் காட்சியென்றால் அது குருமாரின் கருவி, மக்களை மயக்கிய அபினி, அதில் எமக்கென்ன வேலை என்று கேட்பாருளர். கதையை மறந்துவிடுங்கள், கோட்டின் அழகையும் நிழலின் ஆழத்தையும் மட்டும் நுகருங்கள், கலை காலத்தைக் கடந்தது என்று மறுபுறத்திலிருந்து உபதேசிப்பாருமுளர். இவ்விரு சாராரும் ஒன்றில் ஒன்றுபட்டவர்கள்: படத்திலே யார் இருக்கிறார்கள், அப் படம் யார் கையால் ஆக்கப்பட்டு யார் கைக்குப் போயிற்று என்று இருவருமே பார்ப்பதில்லை.

முதலிற் கையைப் பார்ப்போம். செப்புத் தகட்டில் உளியாற் கோடு செதுக்கி அதில் மையேற்றித் தாளிற் பதிக்கும் முறை பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் ஜேர்மனியிலே தட்டாரின் பட்டறைகளிலிருந்து பிறந்தது. அம்முறையின் முதற் பெருங் கலைஞனான மார்ட்டின் ஷோன்கவர் ஒரு தட்டானின் மகன். அவனை அடியொற்றிய அல்பிறெக்ட் டியூறரும் தட்டானின் மகனே, தந்தையின் பட்டறையிலே தொழில் பயின்றவன். மரச்செதுக்கில் கோட்டைச் சுற்றியுள்ள பகுதி அகற்றப்படும். கோடு மேடாய் நிற்கும். அச்செழுத்தோடு சேர்த்து ஒரே பொறியில் அடிக்கலாம். ஆகவே மரச்செதுக்கு மலிவு. செப்பிலோ கோடு பள்ளம். மையைப் பூசி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து, உருளைப் பொறியின் பேரழுத்தத்தில் அப்பள்ளத்திலிருந்து மையை உறிஞ்சியெடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டை மீளவும் மையிட்டுத் துடைக்க வேண்டும். தகடும் தேயும். உழைப்பு மிகுதி, விலையும் மிகுதி.

எனினும் தேவாலயச் சுவரிலிருக்கும் ஓவியத்தோடு ஒப்பிடின் இது எத்துணைப் பெரிய மாற்றம்! பீடத்தின் மேலிருந்த படத்தை மனிதன் முழந்தாளிட்டு நோக்கினான். தாளில் வந்த படத்தையோ வாங்கி, மேசைமேல் வைத்து, அண்டையில் விளக்கேற்றி, விரலாற் சுட்டிப் பேசினான். சுவரில் ஒட்டினான், பெட்டியின் மூடியில் ஒட்டினான். டியூறரின் படங்களை அவன் தாய் நூரம்பேர்க் நகரத்துச் சந்தையிலும், மனைவி அக்னஸ் பிராங்போட் நகரத்துச் சந்தையிலும் விற்றார்கள். வழிபாட்டுப் பொருள் சந்தைப் பொருளாயிற்று என்று வருந்துவோர் வருந்தலாம். சந்தைக்கு வந்த பின்னரே அது பொதுமக்களின் கண்ணுக்கு எட்டிற்று என்பதையும் அவர்கள் கணக்கிற் கொள்ள வேண்டும்.

டியூறர் 1496ஆம் ஆண்டளவிற் செப்பிற் செதுக்கிய 'கெட்டகுமாரன்' படத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையின் சொத்தைப் பாழாக்கியவன் பஞ்சத்தினாற் பன்றி மேய்க்கப் போனான் என்பது லூக்கா சொல்லும் கதை. கதையின்படி அவன் வயலிலே நிற்க வேண்டியவன். டியூறர் அவனைக் கொண்டுவந்து ஜேர்மானியக் கிராமத்து மாட்டுக்கொட்டில் முற்றத்தில், பன்றிகளின் தொட்டியருகே முழந்தாளிடச் செய்தான். சாய்ந்த கூரைகள், சிதைந்த சுவர், சாணம், முண்டியடிக்கும் பன்றிக்குட்டிகள். இவை பலஸ்தீனத்தைச் சார்ந்தவையல்ல. நூரம்பேர்க் நகரத்து வாயிலைக் கடந்து சிறிது தூரம் நடப்பவர் எவரும் காணக்கூடியவை. பண்ணையாளின் முற்றத்தை அதன் பொருட்டே வரைந்து விற்க ஒருவன் துணிந்திருப்பானா, வாங்குவாரும் இருந்திருப்பாரா? ஐயமே. வேதக்கதை என்னும் அனுமதிச் சீட்டோடுதான் அம் முற்றம் கலைக்குள் நுழைந்தது. எமது கட்டுரையின் கருத்தும் இதுவே: செப்புத் தகட்டு விவிலியத்தில் ஏழைகள் மதத்தின் பெயரால் உள்ளே வந்தார்கள், வந்தவர்கள் ஏழைகளாகவே வந்தார்கள்.

இதே டியூறர் தன் உழைப்பின் விலையை நன்கறிந்தவன். இத்தாலியச் செதுக்குநனான மார்க்கன்ரோனியோ ரைமொண்டி, டியூறரின் மரியன்னை வாழ்க்கைப் படங்களை அவனது முத்திரையெழுத்தோடு சேர்த்தே செப்பிற் பிரதி செய்து விற்றான். டியூறர் 1511இல் அப் படங்களை நூலாக வெளியிட்டபோது, பிறர் உழைப்பையும் அறிவையும் திருடுவோரைக் கடிந்து, பேரரசர் மக்சிமிலியனின் தனியுரிமை தனக்குண்டு என்றும் எச்சரித்தான். மாதாவின் வரலாற்றைச் சொல்லும் நூலின் முடிவிலே சொத்துரிமை அறிவித்தல்! முதலாளித்துவம் கருவிலிருந்த காலத்தின் குரல் இதுவென்றால் மிகையாகாது.

சமயச் சீர்திருத்தம் எழுந்தபோது படம் ஆயுதமாயிற்று. 1521இல் விற்றன்பேர்க் நகரில் லூக்காஸ் கிறனாக்கின் பட்டறை வெளியிட்ட சிறுநூலில் 26 மரச்செதுக்குகள், 13 சோடிகளாக அமைந்தன. ஒரு பக்கத்திற் கிறிஸ்து சீடரின் கால்களைக் கழுவுகிறார். எதிர்ப்பக்கத்திற் பாப்பரசர் தமது பாதத்தை முத்தமிடக் கொடுக்கிறார். ஒரு பக்கத்திற் கிறிஸ்து வணிகரை ஆலயத்திலிருந்து விரட்டுகிறார். எதிர்ப்பக்கத்திற் பாப்பரசரின் அவையிலே பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையாகிறது. எழுத்தறியாதவனும் ஒரு கணத்தில் உணர்ந்துகொள்ளும் பிரசாரம். அடுத்த ஆண்டு, லூதரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக்கு இதே கிறனாக் செய்த படங்களில், வெளிப்படுத்தின விசேஷத்துப் பாபிலோன் வேசியின் தலையிற் பாப்பரசரின் மும்முடி வீற்றிருந்தது. செப்டெம்பரில் வந்த பதிப்பில் இருந்த அம்மும்முடி, டிசெம்பரில் வந்த பதிப்பில் ஒற்றை முடியாகச் செதுக்கிக் குறைக்கப்பட்டது. மரக்கட்டையிலிருந்து சீவியெறிந்த அந்தச் சிறு துண்டின் கனத்தைச் சிந்திக்க வேண்டும். ஆட்சியாளர் எதைக் கண்டு அஞ்சினர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் இச்சீர்திருத்தத்தின் எல்லை 1525இல் வெளிப்பட்டது. அதே சுவிசேஷத்தைக் கையிலேந்திக் குடியானவர் எழுந்தபோது, லூதர் அவர்களை வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களை ஏவி எழுதினார். மாண்டோர் எழுபதாயிரம் முதல் ஓர் இலட்சம் வரை என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். அவ்வாண்டு டியூறர் வெளியிட்ட அளவையியல் நூலிலே வினோதமான ஒரு மரச்செதுக்கு உண்டு: குடியானவர் மீது பெற்ற வெற்றிக்கு ஒரு நினைவுத் தூண். பால் குடமும் கோழிக்கூடும் தானியப் பெட்டியும் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டிருக்க, உச்சியிலே குடியானவன் ஒருவன் முதுகில் வாள் பாய்ந்தபடி அமர்ந்திருக்கிறான். இது நையாண்டியா, இரக்கமா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். நாம் ஒன்றைக் காட்டுவோம். தலையைக் கையிலே தாங்கிக் குனிந்திருக்கும் அவ்விருக்கை, பாடுபட்ட கிறிஸ்துவை ஜேர்மானியக் கலைஞர் அமர்த்திவந்த இருக்கை. டியூறரே 1511இல் வெளியிட்ட பாடுகளின் படநூலின் முகப்பிற் கிறிஸ்து இருக்கும் இருக்கை. நையாண்டி செய்பவன் அந்த உருவைக் கடன் வாங்குவது கடினம்.

நூரம்பேர்க் நகரிலேயே அவ்வாண்டு தை மாதத்தில் மூன்று இளம் ஓவியர் விசாரணைக்குள்ளாயினர்: செபால்ட் பேகாம், அவன் தம்பி பார்த்தெல் பேகாம், கேயோர்க் பென்ஸ். திருவருட்சாதனங்களில் நம்பிக்கையில்லை, நகரசபையின் அதிகாரத்தை ஏற்பதில்லை என்றவாறு அவர்கள் கூறிய விடைகள் பதிவாகியுள்ளன. 'கடவுளற்ற ஓவியர்' என்று பெயர்பெற்று அவர்கள் நாடுகடத்தப்பட்டனர். சில மாதங்களில் மீள அனுமதிக்கவும் பட்டனர். இதில் எமக்குச் சுவையாகத் தோன்றுவது பின்கதை. கடவுளற்றவர் என்று துரத்தப்பட்ட இவர்களே வாழ்நாள் முழுவதும் உள்ளங்கையளவுத் தகடுகளில் விவிலியக் காட்சிகளைச் செதுக்கி விற்றுப் பிழைத்தார்கள். செபால்ட் 1540இற் செய்த கெட்டகுமாரன் வரிசை நான்கு சிறு தகடுகள். அவன் அக்கதையை நம்பிச் செதுக்கினானா, பசிக்காகச் செதுக்கினானா? இவ்வினாவுக்குத் தகடு விடை தராது. மதப்படம் செய்தவர் அனைவரும் மதவாதிகள் என்று எண்ணும் எமது நண்பர்கள் இதனைச் சிந்திக்கட்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தனிக் கலைஞனின் பட்டறை பின்தள்ளப்பட்டு வணிக நிறுவனம் முன்வருகிறது. அன்ற்வேர்ப் நகரில் ஹியெறோனிமஸ் கொக் 1548இல் 'நான்கு காற்றுகள்' என்னும் பெயரில் நிறுவிய படவெளியீட்டகமும், அவன் இறந்தபின் மனைவி வோல்க்ஸ்கன் டீரிக்ஸ் மூன்று தசாப்தங்கள் அதனை நடத்தியதும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. இக்காலத்துப் படங்களின் அடியைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பெயர்கள் இலத்தீனிலே பொறிக்கப்பட்டிருக்கும். ஒருவன் படத்தைக் 'கண்டுபிடித்தான்', ஒருவன் 'செதுக்கினான்', ஒருவன் 'வெளியிட்டான்'. வேலைப் பிரிவினையின் முழுச் சாசனமும் அவ்வொரு வரியில் அடங்கியுள்ளது. தகடு வெளியிட்டவனின் உடைமை. அது மூலதனம், விற்கப்படும், அடகு வைக்கப்படும், மகனுக்குச் சேரும், பெயரை மாற்றி மீள அச்சிடப்படும். மையைத் துடைத்தவனின் பெயரும் பொறியின் கைபிடியைச் சுழற்றியவனின் பெயரும் அவ்வரியில் இல்லை.

செதுக்கினவனின் நிலைக்கு வீரிக்ஸ் சகோதரர் சாட்சி. யான், ஹியெறோனிமஸ், அன்ரோன் என்னும் அம்மூவரின் உளி நுட்பத்தில் இணையற்றது. இயேசு சபையினர் தமது சபைக் குரவர் ஹியெறோனிமஸ் நடாலின் நற்செய்தித் தியான நூலுக்குப் படம் தேடியபோது அவர்களையே நாடினர். அச்சகத்தார் பிளான்ரின் அதுபற்றி 1587இல் எழுதிய முறையீடு இன்றும் உள்ளது. வீரிக்ஸ் சகோதரரை வேலைக்கு அமர்த்த விரும்புவோர் அவர்களை மதுச்சாலைகளிலே தேடிப்பிடித்து, கடனை இறுத்து, அடகுபோன உளிகளை மீட்டுக் கொடுக்க வேண்டும். சில நாள் வேலை செய்தபின் மீண்டும் மறைந்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். குடிகாரரின் ஒழுக்கக்கேடு என்று பிளான்ரின் வருந்தினார். உளியையே அடகு வைக்குமளவுக்கு அவர்களைக் கொணர்ந்த கூலி எவ்வளவு என்று நாம் கேட்போம். 1593இல் வெளிவந்த அந்நூலின் 153 பெருந்தகடுகளைத் திறந்து பார்க்கும்போது, கானாவூர்க் கலியாணத்தின் மதுச்சாடிகளை எந்த மனநிலையோடு அவர்கள் செதுக்கியிருப்பார்கள் என்று எண்ணாமலிருக்க எம்மால் இயலவில்லை.

அந்நூல் பற்றி எமது தீர்ப்பு பாதகமானது. ஒவ்வொரு காட்சியிலும் அ, ஆ என்பதுபோல எழுத்துக் குறிகள். அடியிலே அவற்றுக்கான விளக்கம். கண் எங்கே முதலிற் செல்ல வேண்டும், பின் எங்கே செல்ல வேண்டும் என்ற கட்டளை. தியானத்துக்கு அது உதவியிருக்கலாம். பார்வையாளனோ சிறுவனாகக் கையைப் பிடித்து நடத்தப்படுகிறான். நோயாளியும் பிச்சைக்காரனும் அங்கே குறிக்கப்பட்ட எழுத்துகளே, மனிதரல்லர்.

ஒரே தகடு எதிரெதிரான இரு சாராருக்கும் பயன்படலாம் என்பதற்கும் அக்காலம் சான்று தரும். மார்ட்டன் வன் ஹேம்ஸ்கேர்க் வரைய, பிலிப்ஸ் கல்லே 1565இற் செதுக்கிய பத்துப் படங்கள் பேல் தெய்வத்தின் கதையைக் கூறுகின்றன. பாபிலோன் மன்னன் பேல் சிலைக்கு நாள்தோறும் படைக்கும் உணவு இரவிலே மறைகிறது. தெய்வம் உண்டதென்று பூசாரிகள் சொல்கிறார்கள். தானியேல் கோயில் நிலத்திற் சாம்பலைத் தூவிவைக்கிறான். விடிந்ததும் அதிலே பூசாரிகளுடைய, அவர்தம் பெண்டிர் பிள்ளைகளுடைய காலடிகள். சுரங்கவாயில் வெளிப்படுகிறது, கோயில் இடிக்கப்படுகிறது. பகுத்தறிவின் துப்பறியும் கதை இதைவிட வேறெங்குண்டு? அடுத்த ஆண்டு, 1566இல், நெதர்லாந்து எங்கும் மக்கள் தேவாலயங்களிற் புகுந்து சிலைகளை உடைத்தனர். படந்தான் கிளர்ச்சியை உண்டாக்கிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. ஹேம்ஸ்கேர்க் ஹார்லெம் நகரத்துப் பெருந்தேவாலயத்தின் பராமரிப்புப் பொறுப்பிலிருந்தவன். கத்தோலிக்கன் இப் படத்திற் புறமதத்தாரின் வீழ்ச்சியைக் கண்டான். கல்வினியன் தன்னூர்க் குருவைக் கண்டான். விற்பவனுக்கு இருவர் பணமும் ஒன்றே.

இப் படங்கள் கப்பலேறிய வரலாறு தனி நூலுக்குரியது. பிளான்ரின் பதித்த பன்மொழி விவிலியத்தை 1580இல் இயேசு சபையினர் பத்தேபூர் சிக்கிரியில் அக்பருக்குக் காணிக்கையாக்கினர். சீனத்திலே நடாலின் படங்கள் 1637இல் மரத்திற் செதுக்கப்பெற்றன. ருஷ்யாவின் யறொஸ்லாவ் நகரில், 1680ஆம் ஆண்டளவிற் சுவரோவியம் தீட்டியவர்கள் ஒல்லாந்தர் தொகுத்த விவிலியப் படநூலைப் பார்த்தே தீட்டினர். எலிசா தீர்க்கதரிசி கதையில் வரும் அரிவுவெட்டுக்காரர் அங்கே ருஷ்ய வயலின் மக்களாகிவிட்டார்கள். எனினும் எம்மை மிகக் கவர்ந்தது ஒரு சிறுவனின் வேலை. முகலாய ஓவியன் அபுல் ஹசன் 1600இல், பதின்மூன்று வயதில், டியூறரின் சிலுவைப்பாட்டுச் செதுக்கோவியத்திலிருந்து யோவானின் உருவை மட்டும் வரைந்தான். அது இன்று ஒக்ஸ்போட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலுவையை அவன் எடுக்கவில்லை. அதில் தொங்குபவரையும் எடுக்கவில்லை. கைகளைக் கோத்து மேலே நோக்கித் துயருறும் மனிதனை எடுத்துக்கொண்டான். மதபோதகர் கொண்டுசென்றது கோட்பாடு. சிறுவன் பெற்றுக்கொண்டது துயரம்.

இனி றெம்பிராண்டிடம் மீள்வோம். அவன் பெரும்பாலும் உளியைவிட ஊசியை விரும்பினான். மெழுகு பூசிய தகட்டில் ஊசியாற் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிடும் இம்முறையில் கை எழுத்தெழுதுவதுபோலச் சுயேச்சையாக ஓடும். வரைவதும் கீறுவதும் பெரும்பாலும் பதிப்பதும் ஒருவனே. மூன்று பெயர்களின் பிரிவினை இங்கே மறைகிறது. இளமையில் அவன் பிச்சைக்காரரைக் கீறினான். 1630இற் கீறிய ஒருவன் மேட்டில் அமர்ந்து கைநீட்டி வாய்பிளந்து கத்துகிறான். முகம் றெம்பிராண்டின் சொந்த முகம். இப் பிச்சைக்காரரே இருபது ஆண்டுகளின்பின் நூறு கில்டர்ப் படத்தினுள் நுழைகிறார்கள்.

அங்கே வைக்கோற் பாயிற் கிடக்கும் பெண்ணைப் பாருங்கள். தள்ளுவண்டியிற் கொணரப்பட்டவனைப் பாருங்கள். இவர்களை நோக்கி ஓவியனின் ஊசி மீண்டும் மீண்டும் போயிருக்கிறது. நிழலின்மேல் நிழல், முகத்துக்கு முகம் வேறுபாடு. எதிர்ப்புறத்திலே, நல்லாடை தரித்து வாதிடும் பரிசேயரோ சில மெல்லிய கோடுகள் மாத்திரம். கிட்டத்தட்ட முற்றுப்பெறாத உருவங்கள். படம் முடியவில்லை என்று சிலர் இதனை விளக்கினர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. வெளிச்சத்திலே கரைந்துபோகுமளவுக்கு அவர்களிடம் கனம் இல்லை. கனம் முழுவதும் நோயுற்றோரிடம். குழந்தையோடு வரும் தாயைப் பேதுரு தடுக்கிறான். யேசுவின் கை பேதுருவைத் தடுக்கிறது. மன்றாடும் பெண்ணொருத்தியின் கூப்பிய கைகளின் நிழல் யேசுவின் ஆடைமேல் விழுகிறது. இரப்பவளின் நிழல் இறைவனின் ஆடையிலே படிகிறது. தீட்டு என்று எவரும் விலகவில்லை. எமது நாட்டு ஆசிரியர் இப் படத்தை வகுப்பிற் காட்டும்போது இந்நிழலைத் தவறாது சுட்டவேண்டும்.

1652ஆம் ஆண்டளவில் வந்த இன்னொரு படத்தில் யேசு போதிக்கிறார். கேட்பவர் அம்ஸ்ரர்டாம் நகரத்துத் தெருமக்கள். சிலர் உற்றுக் கேட்கின்றனர், சிலர் ஐயுறுகின்றனர். முன்னே ஒரு குழந்தை பம்பரத்தைக் கைவிட்டுக் குப்புறக் கிடந்து, பிரசங்கத்தைப் பொருட்படுத்தாது, விரலாற் புழுதியிற் கீறிக்கொண்டிருக்கிறது. அதனை யாரும் அதட்டவில்லை. நடாலின் தகடுகளில் இக்குழந்தைக்கு எந்த எழுத்தைக் கொடுத்திருப்பார்கள்?

இவ்வளவு சொல்லியும் றெம்பிராண்டைப் புனிதனாக்க நாம் விரும்பவில்லை. நூறு கில்டர்ப் படத்தின் சில பிரதிகளை அவன் யப்பானியக் கடதாசியிலே பதித்தான். மென்மையும் இளமஞ்சள் ஒளியுமுடைய அவ் விலையுயர்ந்த கடதாசி சேகரிப்போரின் ஆசையைத் தூண்டிற்று. அதனைக் கொணர்ந்தவை ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள். அதே கம்பனி 1656ஆம் ஆண்டு மே மாதத்தில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிற்று; 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிற்று. கம்பனி தன் அடிமைகளை அடைத்துவைத்த கொழும்புப் பகுதியை நாம் இன்றும் கொம்பனித்தெரு என்றே அழைக்கிறோம். யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய போதகர் பால்தேயஸ் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலில் எமது ஊர்த் தேவாலயங்கள் செப்புத் தகட்டுப் படங்களாய் இடம்பெற்றன. சுவிசேஷத்தின் ஏழைகளுக்கு முகம் கொடுத்த நகரம் எதுவோ, எம்மூரைப் படமாக்கி விற்ற நகரமும் அதுவே.

கொழும்பு வீழ்ந்த அதே 1656இல், இரு மாதங்களின் பின்னர், றெம்பிராண்ட் கடன் தீர்க்க வகையின்றி உடைமைகளை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தான். அதிகாரிகள் எடுத்த கணக்கிலே லூக்காஸ் வன் லெய்டன், ஹேம்ஸ்கேர்க் முதலியோரின் படத் தொகுதிகளும் இருந்தன. அவன் கற்ற விவிலியம் யாவும் ஏலத்துக்குப் போயிற்று. நூறு கில்டர்ப் படத்தின் தகடு பல கை மாறி, பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் பெய்லி என்னும் படைத்தலைவனை அடைந்தது. அவன் தேய்ந்த கோடுகளைத் தானே திருத்திக் கீறி 1775இற் புதுப் பிரதிகள் விற்றான். பின்னர் தகட்டை நான்கு துண்டுகளாக வெட்டி, துண்டு துண்டாகவும் பதித்து விற்றான். காலத்தைக் கடந்த அழகு பற்றிப் பேசுவோர் அந்த வெட்டுவாயையும் பார்க்க வேண்டும்.

உடைமை இழந்த அவ்வாண்டிலேயே றெம்பிராண்ட் ஆபிரகாம் விருந்தோம்பும் காட்சியைக் கீறினான். ஐரோப்பியர் அதுவரை வரைந்த முறையில் விருந்தினர் மேசையைச் சுற்றி இருப்பர். இங்கோ அவர்கள் நிலத்தில் விரித்த கம்பளத்தில், எம்மவர்போலச் சப்பணமிட்டு அமர்ந்திருக்கிறார்கள். மரத்தடியிலே கூடியிருக்கும் நான்கு பெரியாரைக் காட்டும் முகலாயச் சிற்றோவியத்தை முன்னர் பிரதி செய்து பழகிய கை இது. அப் பிரதி இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அன்ற்வேர்ப்பின் தகடுகள் அக்பரின் அரண்மனைக்குப் போன வழியிலேயே இந்துஸ்தானத்தின் ஓவியம் அம்ஸ்ரர்டாமுக்கு வந்து விவிலியத்துள் அமர்ந்துவிட்டது. ஆபிரகாம் பணிந்து குடத்தோடு நிற்கிறான். கதவின் பின்னே சாறாள் ஒட்டுக் கேட்கிறாள். அவளுக்கு மகன் பிறப்பான் என்ற வாக்கு அங்கே சொல்லப்படுகிறது. மதிலோரத்திலோ, விருந்துக்கு அழைக்கப்படாத ஒரு சிறுவன் எம் அனைவருக்கும் முதுகைக் காட்டி, வில்லை நாணேற்றி வெளியே குறிபார்த்து நிற்கிறான். அவன் இஸ்மவேல், அடிமைப்பெண் ஆகாரின் மகன். அவ்வாக்கு நிறைவேறிய பின்னர் தாயோடு வீட்டைவிட்டுத் துரத்தப்படப் போகிறவன். அத் துரத்தலை றெம்பிராண்ட் 1637இலேயே கீறியிருந்தான்.